சனிப்பெயர்ச்சி, கிரகணச் செய்திகளில் பஞ்சாங்கத்தின் பெயரும் ஊரின் நேரமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் மார்ச் முதல் வாரத்தில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் தங்கள் நாளிதழில் பெரிதாக இடம்பெறப் போகின்றன என்பதைச் சொல்ல ஜோதிடம் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒன்று, 2026 மார்ச் 3-ஆம் தேதி மாசிப் பௌர்ணமியன்று நிகழும் முழுச் சந்திர கிரகணம். மற்றொன்று, பழைய மனப்பாட முறையில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி மார்ச் 6-ஆம் தேதி சனி பகவான் கும்ப ராசியிலிருந்து மீன ராசிக்குப் பெயர்வது. ஜாதகம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, கணித ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இவ்விரண்டையும் அச்சிடும்போது தாங்கள் இரண்டு விவரங்களைத் தவறாமல் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பெயர்ச்சிச் செய்தியில் அது எந்தப் பஞ்சாங்கத்தின் கணக்கு என்பது இருக்க வேண்டும். கிரகணச் செய்தியில் அது புதுச்சேரி, கடலூர் கரையிலிருந்து தெரியுமா, தெரிந்தால் எத்தனை மணிக்கு என்பது இருக்க வேண்டும்.

முதலில் பெயர்ச்சி. சனி மீனத்துக்குப் போய்விட்டார் என்று, இக்கால வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் கடந்த ஆண்டு மார்ச் 29-ஆம் தேதியே அறிவித்துவிட்டன. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அன்றே பன்னிரண்டு ராசிகளுக்கும் பலன் வெளியிட்டன. ஆனால் நம் காரைக்கால் மாவட்டத்தில் உள்ள திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயில் பரம்பரையாக வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது. அங்கே பெயர்ச்சி விழா 2026-இல்தான் என்று கோயில் தரப்பில் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. இது புதிய குழப்பமும் அன்று. இதற்கு முந்தைய பெயர்ச்சியைத் திருக்கணிதம் 2023 ஜனவரி 17 என்றது. திருநள்ளாற்றில் விழா நடந்தது 2023 டிசம்பர் 20. அதற்கும் முந்தையது முறையே 2020 ஜனவரி 24, டிசம்பர் 27. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம் வருகிறது. ஒவ்வொரு முறையும் வாசகர்கள் இரண்டு தடவை பலன் படிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இதன் விளைவு எங்கள் தெருவிலேயே தெரிந்தது. கடக ராசிக்காரர் ஒருவர் முத்தியால்பேட்டையில் மாடி கட்டி முடித்துவிட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். சனி கும்பத்தில் இருக்கும்வரை கடகத்துக்கு எட்டாமிடம், அஷ்டமச் சனி. மீனத்துக்குப் போனால் ஒன்பதாமிடம், அஷ்டமச் சனி விலகியது. போன ஏப்ரலில் அவர் படித்த ஞாயிறு இணைப்பு ‘கடக ராசி அன்பர்களே, விட்டது சனி’ என்றது. அவர் வீட்டு அம்மாள் பூஜையறையில் வைத்திருக்கும், வாக்கிய முறையிலான பாம்புப் பஞ்சாங்கமோ இன்னும் விடவில்லை என்றது. பால் காய்ச்சுவதை ஒருவர் வைகாசியில் என்க, மற்றவர் அடுத்த பங்குனியில் என்க, புது மாடிக்கு ஆள் வராமலே மழைக்காலம் கழிந்தது. இதேபோல மேஷ ராசிக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டதா இல்லையா, மகர ராசிக்கு முடிந்துவிட்டதா இல்லையா என்பதற்கும் ஓராண்டாக இரண்டு விடைகள் புழங்குகின்றன.

இரண்டு கணக்கும் எங்கிருந்து வந்தன என்பதைத் தங்கள் இணைப்பில் ஒரு கால் பத்தியிலாவது சொல்லலாம். வாக்கியம் என்பது மனப்பாடத்துக்கென்று செய்த முறை. எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்து, அந்த எண்களைச் சிறு சிறு சொற்றொடர்களாக்கி, சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்களை அமைத்தார்கள். சந்திரன் பூமிக்கு அருகில் வந்து விலகி மீண்டும் அருகில் வரும் சுற்று ஒன்பது முறை முடிய 248 நாள் ஆகும் என்பதே அந்த எண்ணுக்குக் காரணம். ஓலையும் எழுத்தாணியும் இல்லாமலே ஒருவரால் நாள்தோறும் சந்திர ஸ்புடத்தை, அதாவது சந்திரன் வானில் நிற்கும் இடத்தை, சொல்ல முடிந்தது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பு அடங்குவதில்லை. திருக்கணிதம் என்பது தொலைநோக்கியால் சரிபார்த்த இக்காலக் கிரக நிலைகளைக் கொண்டு கணிப்பது. மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கை தந்த பிறகு, மத்திய அரசே அவ்வழியில் ராஷ்ட்ரிய பஞ்சாங்கத்தை வெளியிட்டு வருகிறது.

குருப்பெயர்ச்சியில் இரண்டும் அதிகம் மாறுபடுவதில்லை. கடந்த ஆண்டு வாக்கியம் மே 11 என்றது, திருக்கணிதம் மே 14 என்றது. சனிக்கு மட்டும் ஏன் ஓராண்டு? பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த சராசரி வேகத்தில் இருந்த மிக நுண்ணிய பிழை ஆண்டுதோறும் சேர்ந்து வந்து, ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியை இரு முறையாரும் வேறுவேறாகக் கொள்வதும் கூடி, வாக்கியச் சனி இன்று திருக்கணிதச் சனிக்கு ஏறத்தாழ 8 பாகை பின்னால் இருக்கிறார். சனியின் சராசரி நடை நாளொன்றுக்கு 2 கலைதான் (60 கலை ஒரு பாகை). 8 பாகை என்பது 480 கலை. அதைக் கடக்கவே எட்டு மாதம் வேண்டும். இடையில் கடந்த ஜூலை நடுவிலிருந்து நவம்பர் இறுதிவரை அவர் வக்கிரத்தில் பின்னோக்கி நகர்ந்ததையும் சேர்த்தால் பதினொரு மாதம் ஆகிவிடுகிறது. வேகமாக நடக்கும் கிரகத்தில் இதே அளவு பிழை இருந்தால் சில நாளில் மறைந்துவிடும்; மந்தன் என்று பெயர் பெற்றவரிடம் அது ஓராண்டாக விரிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சனி ராசி மாறுவதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. வானத்தில் கும்பத்துக்கும் மீனத்துக்கும் இடையே கோடு கிழித்திருக்கவில்லை. போதாக்குறைக்கு, கடந்த மார்ச் 29 அன்று சனி சூரியனுக்கு அருகில் அதன் ஒளியில் மறைந்து, அதாவது அஸ்தமனத்தில், இருந்ததால் அவரைப் பார்க்கவே முடியாது. கிரகணம் அப்படியன்று. பஞ்சாங்கம் சொன்ன நாழிகைக்கு நிலாவில் நிழல் விழவில்லையென்றால் கடற்கரையில் நிற்கும் சிறுவன்கூடக் கேட்டுவிடுவான். அதனால்தான் பஞ்சாங்கம் கணித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிரகணக் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்தார்கள் என்றும், சனியின் கணக்கைத் திருத்த வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு ஏற்படவில்லை என்றும் நான் எண்ணுகிறேன்.

இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. நம் புதுச்சேரியே போதும். வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே கடப்பதைப் பார்ப்பதற்காக லெ ழாந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்குப் புறப்பட்டு வந்தார். 1761-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கடலிலேயே மாட்டிக்கொண்டார். எட்டாண்டு காத்திருந்து 1769 ஜூன் 4 காலை இங்கே கருவிகளோடு தயாராக நின்றபோது மேகம் மூடிவிட்டது. (அவருடைய ஜாதகத்தில் சனி எங்கே இருந்தார் என்று எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் வேடிக்கையாகக் கேட்டுக்கொள்வோம்.) வந்த காரியம் நடக்காவிட்டாலும், இங்கிருந்த தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதிச் சந்திர கிரகணத்தை வைத்து அதைச் சோதித்தார். கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழர் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியது; அன்று ஐரோப்பாவில் சிறந்ததென்று மதிக்கப்பட்ட மேயர் அட்டவணையோ 68 விநாடி கூட்டிக் காட்டியது.

அடுத்தவர், சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் வாரன். 1825-இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்ற நூலில், புதுச்சேரியில் தாம் சந்தித்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைப் படிப்படியாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெரியவருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்பது வாரனின் மதிப்பீடு. 1825 மே 31 இரவுக் கிரகணத்துக்கு அவர் போட்ட கணக்கில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. காகிதத்தில் ஓர் எண்ணைக்கூட எழுதாமல் வந்த விடை அது. அதே சமயம் 52 நிமிடம் என்பதும் பிழைதான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே அவருக்கு நாம் செய்யும் நியாயம். பழையது என்பதற்காக ஒன்றை அப்படியே ஏற்பதிலும் எனக்கு உடன்பாடில்லை, எள்ளி நகையாடுவதிலும் உடன்பாடில்லை.

இனிக் கிரகணச் செய்தி. கடந்த ஆண்டு செப்டம்பர் 7 இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணம் நாடு முழுவதற்கும் உரியது: இரவு 9.57-க்குத் தொடங்கி, 11 மணி முதல் 12.23 வரை முழுமையாக இருந்து, 1.27-க்கு விட்டது. அதற்கு இரண்டு வாரம் கழித்துச் செப்டம்பர் 21, மகாளய அமாவாசையன்று ஒரு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அது நியூசிலாந்து பக்கத்துக் கிரகணம். நம் நேரப்படி இரவு 11 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 3.23-க்கு முடிந்தது. நமக்குச் சூரியன் காலடிக்குக் கீழே இருந்த நேரம் அது. ஆனாலும் ‘சூரிய கிரகணம் இரவு 10.59 முதல்’ என்ற செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பரவி, எங்கள் பக்கத்து வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணுக்கு மாலை ஐந்து மணிக்கே சாப்பாடு போட்டு, அதன்பின் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஜன்னலை அடைத்துப் படுக்க வைத்தார்கள். ஊறுகாய் ஜாடியிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பைப்புல் கிடந்தது. நடு இரவில் அந்தப் பெண்ணுக்குத் தலைசுற்றல் வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்கு ஸ்நானமும் இல்லை, தோஷமும் இல்லை என்று தர்ம சாஸ்திரம் வைத்திருக்கும் வரம்பையே எடுத்துச் சொன்னேன். அறிவியல் சொல்லியிருந்தால் அந்த வீட்டுப் பாட்டி கேட்டிருக்க மாட்டார். சாஸ்திரம் என்றதும் எழுந்து போய் மோர் கலக்கிக் கொடுத்தார். கர்ப்பிணியைப் பட்டினி போடுவது எந்தக் கிரகணத்திலும் தவறு என்பதை மருத்துவர்கள் சொல்வதாகத் தாங்கள் தனியே அச்சிட்டாலும் நல்லதுதான்.

வரும் மார்ச் 3-இலும் இதே சிக்கல் வேறொரு வடிவில் வர இருக்கிறது. கிரகணம் நம் நேரப்படி பிற்பகல் 3.20-க்குத் தொடங்கி, மாலை 4.34 முதல் 5.33 வரை முழுமையாக இருந்து, 6.47-க்கு முடிகிறது. ஆனால் புதுச்சேரியிலும் கடலூரிலும் அன்று நிலா எழுவதே ஆறேகால் மணியை ஒட்டித்தான். ஆகவே முழுக் கிரகணம் நமக்கு இல்லை. பிடிபட்ட நிலையிலேயே நிலா கடலிலிருந்து எழும், அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். பஞ்சாங்கக்காரர்கள் இதைக் கிரஸ்தோதயம் என்பார்கள். கிழக்கே கடல் உள்ள நம் ஊர்களுக்குத் தேவனாம்பட்டினமோ வைத்திக்குப்பமோ போனால் மறைப்பில்லாமல் பார்க்கலாம். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதால் கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ‘கிரகணம் 3.20 முதல் 6.47 வரை’ என்று பொதுவாக அச்சிட்டால், வானத்தில் நிலாவே இல்லாத மூன்று மணி நேரத்துக்கு இங்கே அடுப்பு அணைந்துவிடும். எந்த நேரத்தில் நீராடுவது, எப்போது உண்பது என்பதைச் சொல்ல வேண்டிய சாஸ்திரிகள் சொல்லட்டும். அவர்கள் சொல்வதற்கு உரிய நேரத்தையாவது நாம் சரியாகக் கொடுக்க வேண்டும்.

உலக்கை விஷயத்தையும் குறிப்பிட்டுவிடுகிறேன். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்திப் படம்பிடித்து அனுப்பியவர்கள் ஏராளம். அடிப்பாகம் தட்டையான உலக்கை சமதளத்தில் என்றைக்கும் நிற்கும். கிரகணமில்லாத நாளில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பலன் எழுதுவதைப் பற்றி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கிரகணத்துக்குக் காரணம் நிழல்தான் என்று கி.பி. 499-இலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். வராகமிகிரரும் அதை ஏற்றுக்கொண்டு, அதன் பிறகே கிரகணப் பலன்களையும் எழுதினார். ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள் என்பது கணிக்கத் தெரிந்த எந்த ஜோதிடருக்கும் புதிய செய்தியன்று. அப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிப்பதால்தான் ராகு ஒரு ராசியில் ஒன்றரை ஆண்டு இருக்கிறார். கணக்கு வேறு, பலன் வேறு என்ற தெளிவு நூல் எழுதியவர்களுக்கு இருந்தது. கணக்கு சரியா என்பதை வானம் காட்டிவிடும். பலன் நம்பிக்கை சார்ந்தது. அதை நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் நம்புகிறவர்கள் வைத்திருக்கும் விதிகளையாவது பலன் எழுதுவோர் மதிக்க வேண்டும்.

கோசாரம் என்பது கிரகம் இப்போது இருக்கும் ராசியை ஜென்ம ராசியிலிருந்து எண்ணிப் பலன் சொல்வது: சனிக்கு 3, 6, 11 நல்ல இடம், குருவுக்கு 2, 5, 7, 9, 11. இது பாலபாடம். இதற்கு மேல், ஒருவருடைய ஜாதகப்படி எந்தக் கிரகத்தின் காலம் நடக்கிறது என்ற தசாபுத்தி பார்க்க வேண்டும்; ராசிவாரியாக மதிப்பெண் போடும் அஷ்டவர்க்கத்தில், சனிக்குப் பன்னிரண்டு ராசிக்கும் சேர்த்து உள்ள 39 பரல்களில் (மதிப்பெண்களில்) மீனத்தில் எத்தனை விழுந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஏழரைச் சனியிலேயே வீடு கட்டிப் பிள்ளைக்குக் கல்யாணம் செய்தவர்கள் நம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஜோதிடர்கள் தரும் விளக்கமும் இந்தத் தசையும் பரலும்தான். அப்படியிருக்க, ‘சிம்ம ராசிக்கு அஷ்டமச் சனி: விபத்து, கடன், வழக்கு’ என்று லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவதை ஜோதிட சாஸ்திரமே அனுமதிக்கவில்லை.

கடந்த மார்ச் 29 அன்று ‘மீனத்தில் ஆறு கிரகச் சேர்க்கை, உலகுக்கு ஆபத்து’ என்று வந்த செய்திகளையும் நினைவூட்டுகிறேன். முந்தைய நாள் மியான்மரில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் அந்த அச்சத்துக்கு எண்ணெய் வார்த்தது. சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், ராகு ஆகிய ஐவரோடு சனியைச் சேர்த்தால்தான் ஆறு. வாக்கியப்படி சனி அன்று கும்பத்தில் இருந்தார். அதே இதழின் தினசரிப் பஞ்சாங்கப் பகுதி வாக்கியத்தைப் பின்பற்றுவது. ஆகவே முதல் பக்கத்தில் ஆறு கிரகம், எட்டாம் பக்கத்தில் ஐந்து கிரகம். அதை எழுதியவரோ திருத்தியவரோ இதைக் கவனிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையைப் பார்த்த தேவனாம்பட்டினத்து மக்களுக்கு இத்தகைய தலைப்புகள் வெறும் பொழுதுபோக்காக இருப்பதில்லை. அலைபற்றிய எந்த வதந்திக்கும் அங்கே இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டு. அந்த மாதத்தில் கிரகணம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

திருநள்ளாறு வாக்கியத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கோயிலின் விழா நாள் அந்தக் கோயிலின் மரபுக்கு உட்பட்டது. நளதீர்த்தத்தில் நீராடி எள் விளக்கு ஏற்றுகிறவர் பாகைக் கணக்குப் பார்த்து வருவதில்லை. நாளிதழுக்கு அந்தச் சலுகை கிடையாது. மார்ச் 6 பலன் பக்கத்தின் தலைப்பிலேயே ‘வாக்கியப்படி’ என்ற சொல்லையும், திருக்கணிதப்படி இந்தப் பெயர்ச்சி கடந்த ஆண்டே முடிந்துவிட்டது என்ற ஒரு வரியையும் சேர்ப்பது தங்களுக்குப் பெரிய வேலையாக இராது. கிரகணச் செய்திக்குச் சென்னை நேரத்தோடு புதுச்சேரி, கடலூர், காரைக்கால் நேரங்களையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இதே கவனம் ஆடி அமாவாசைக்கும் வேண்டும். இவ்வாண்டு ஆகஸ்ட் 12, ஆடி அமாவாசையன்று கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் நாடுகளில் முழுச் சூரிய கிரகணம். நம் நேரப்படி இரவு 9 மணிக்குப் பிறகு தொடங்குவதால் இங்கே தெரியாது, காலையில் கடற்கரைக்குத் தர்ப்பணம் செய்ய வருபவர்கள் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு 2027 ஆகஸ்ட் 2, அதுவும் ஆடி அமாவாசைதான்; அன்றைய சூரிய கிரகணம் மாலையில் நம் ஊரிலும் பகுதியளவு தெரியும். இவ்வாண்டுக்குரிய விவரத்தைத் தாங்கள் ஜூலை மாதத்திலேயே வெளியிட்டால், கைப்பேசிச் செய்திகள் கிளம்புவதற்குள் புரோகிதர்களிடமும் பூக்காரர்களிடமும் அது போய்ச் சேர்ந்துவிடும். நேரக் கணக்கைச் சரிபார்ப்பதில் என்னால் ஆன உதவி வேண்டுமானால் செய்யக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி